மாசிக் கடலாட்டும் பினாங்குக் கடலும்

பினாங்கில் இளவேனில் இல்லை. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் கிடக்கும் இத்தீவில் இலையுதிர்வும் இல்லை. தளிர்ப்புக்கெனத் தனிப் பருவமும் இல்லை. ஆயினும் தமிழர் இங்கே வேனிலை வரவேற்கும் விழாக்களை விடாது எடுத்து வருகின்றனர். பருவம் இல்லாத நிலத்தில் பருவ விழா எவ்வாறு நிலைத்தது?

விடை நிலவில் இருக்கிறது. மாசி முழுநிலவு மக மீனை அடுத்தும், பங்குனி முழுநிலவு உத்திர மீனை அடுத்தும் நிற்கும். மாகம், பல்குனி, சித்திரை என்னும் திங்கட் பெயர்களே அம்மீன்களின் பெயர்களிலிருந்து பிறந்தவை. பனியும் தளிரும் ஊருக்கு ஊர் வேறுபடலாம். முழுநிலவு உறையூருக்கும் பினாங்குக்கும் ஒன்றே. (பிறை என்னும் ஊரில் நின்று முழுநிலவைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும்.)

இவ்விழாக்களின் தொன்மைக்குச் சான்றுகள் தெளிவானவை. உறையூரில் பங்குனி விழா கழிந்த மறுநாள், தீயற்ற அடுப்புகளோடு வெறிச்சோடிக் கிடந்த ஆற்றங்கரைச் சோலையை அகநானூற்றின் 137ஆம் பாட்டு காட்டுகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகமோ விழாக்களின் நிரல் போன்றே அமைந்துள்ளது. தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் ஆகியன அதில் அடுத்தடுத்து வருகின்றன. இறந்துபட்ட ஒரு பெண்ணை நோக்கி, இவ்விழாவைக் காணாமலா போகின்றாய் என்று பாட்டுக்குப் பாட்டு வினவுகிறார் சம்பந்தர். உயிர் மீண்டு வருவதற்கு அவர் காட்டும் காரணம் ஊர்த் திருவிழா! இதனினும் உயர்ந்த மதிப்பை விழாவுக்கு வேறெவரும் அளித்ததாக நான் அறியேன்.

அவ்விழாக்களைக் காணாமலே போனவர்கள்தாம் கடல் கடந்த நம் முன்னோர். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் குடியேற்றம் நிறுவினார். 1800இல் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்திறங்கினர். ஜார்ஜ்டவுன் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள் திரட்டுவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. ஊருக்குத் திரும்பாதவர்கள் இங்கேயே விழா எடுத்தனர்.

அவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பது தெலுக் பாகாங்கின் மாசி மகம். தீவின் வடமேற்கு மூலையில் உள்ள அம்மீனவ ஊரில் சிங்கமுகக் காளியம்மன் தெப்பத்தில் கடல் மீது உலா வருகிறாள். அடியார்கள் சிறு மிதவைகளில் விளக்கேற்றி நீரில் விடுகின்றனர். மயிலாப்பூரில் கடல் என்பது ஊரின் எல்லை. தெய்வம் அங்கே நீராடித் திரும்பும். இங்கோ கடல் நம்மவர் வந்த வழி. விழா பெயர் மாறவில்லை, நாள் மாறவில்லை. கடலின் பொருள் மாறிவிட்டது. புலம்பெயர்ந்தோர் மரபை அப்படியே காத்தனர் என்று பலரும் எழுதுவது இதனாலேயே எனக்கு நிறைவளிப்பதில்லை.

இன்று நம் மாணவர் நன்கறிந்தது தைப்பூசம் மட்டுமே. அதற்கு மாநில விடுமுறை உண்டு. தண்ணீர்மலைக்குத் திரளும் கூட்டத்தை உலகமே பார்க்கிறது. மாசி மகத்தன்றும் பங்குனி உத்திரத்தன்றும் பள்ளி நடக்கும். சம்பந்தர் ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் பாடிய மூன்றில் இரண்டு, இவ்வாறு நாட்காட்டித் தாளின் சிற்றெழுத்தாகச் சுருங்கி வருகின்றன.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய பயிற்சி ஒன்றைத் தரலாம். வடநாட்டாரின் வேனில் விழாவாகிய ஹோலி 2024இல் மார்ச் 25ஆம் நாள், பங்குனி உத்திர நிலவில் வந்தது. 2025இலோ மார்ச் 14ஆம் நாள், மாசி மகத்தை ஒட்டி வந்தது. அவர்கள் திங்களை நிலவால் அளக்கின்றனர். நாம் கதிரவனால் அளந்து, நாளை மட்டும் நிலவிடம் கேட்கிறோம். அடுத்த ஆண்டு ஹோலி எந்த நிலவில் வரும் என்பதை மாணவர் தாமே கணித்துச் சொல்லட்டும்.