ரப்பர் என்னும் சொல்லும் கோலா கங்சார் மரமும்

பேராக் மாநிலத்தின் அரச நகரமாகிய கோலா கங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிய ரப்பர் மரம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1877ஆம் ஆண்டில் அந்நகரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் எஞ்சி நிற்பது அது. அம்மரத்தைக் காணவரும் மாணவரிடம் ரப்பர் என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளைக் கேட்டால், பென்சில் எழுத்தை அழிக்க உதவும் பொருள் என்று சிலர் கூறுவர்; மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பொருள் என்று வேறு சிலர் கூறுவர். இரண்டும் சரியான விடைகளே. அவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடிய வரலாற்றை அறிவது, அயன்மொழிச் சொல்லொன்றை எவ்வாறு கற்பது என்பதற்கும் வழிகாட்டும்.

ஆங்கிலத்தில் 'ரப்' என்பது தேய்த்தலைக் குறிக்கும் வினை. அதனோடு 'அர்' என்னும் ஈறு சேர, தேய்ப்பவர் அல்லது தேய்ப்பது என்னும் பெயர் பிறக்கிறது. மரப்பாலை ஆங்கிலேயர் அறிவதற்கு நெடுங்காலம் முன்பே இச்சொல் அவர்களிடம் வழங்கியது. குளிப்போருக்கு உடம்பு தேய்த்துவிடும் பணியாளரும், துடைக்கும் துணியும் அப்பெயராலேயே குறிக்கப்பெற்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தென் அமெரிக்க மரமொன்றின் உறைந்த பால் ஐரோப்பாவை அடைந்தது. பிரெஞ்சுக்காரர் அதனை அந்நிலத்துப் பழங்குடியினர் மொழியிலிருந்து பெற்ற 'கௌச்சுக்' என்னும் பெயரால் அழைத்தனர். ஆங்கிலேயர் வழி வேறானது. அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி ஓவியம் வரைவோர்க்கென 1770இல் வெளியிட்ட நூலில், பென்சில் கோடுகளை அழிக்கவல்ல புதுப்பொருள் ஒன்றைக் குறிப்பிட்டார். அரை அங்குல அளவுள்ள சிறு கட்டி மூன்று ஷில்லிங்கிற்கு விற்கப்பட்டது. அதற்குமுன் கோடுகளை அழிக்க ரொட்டித் துணுக்கே பயன்பட்டது. தேய்த்து அழித்ததனால் அப்பொருள் 'ரப்பர்' ஆயிற்று. அமெரிக்க நிலப்பகுதிகளையும் 'இண்டீஸ்' என்றே ஐரோப்பியர் வழங்கியதனால் 'இந்தியா ரப்பர்' என்றும் பெயர் பெற்றது. ஆகவே, மேசைமேல் கிடந்த சிறு கட்டிக்கு இட்ட பெயரே பின்னர் மரத்திற்கும், தோட்டத்திற்கும், மாபெரும் தொழிலுக்கும் உரியதாயிற்று.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளுள் 2,700 அளவிலேயே லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகளுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றிலிருந்து வந்த ஒன்பது கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகிய ஹியூ லோ கோலா கங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வாகனங்கள் பெருகியதும் ரப்பரின் தேவை உயர்ந்தது, காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியாகத் தமிழர் ஆயிரக்கணக்கில் இங்கு வந்து சேர்ந்தனர்.

அவர்கள் முன் அம்மரம் நின்றபோது, அதற்கு அழிக்கும் கட்டியோடிருந்த உறவு எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை. பட்டையைச் சீவினால் வெண்ணிறப் பால் வடிந்தது. எனவே அதனைப் 'பால்மரம்' என்றனர். எழுத்தாளர் அகிலன் மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றி எழுதிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' எனப் பெயரிட்டதும் இவ்வழக்கை ஒட்டியே. மலாய்க்காரரோ மரப்பிசினைக் குறிக்கும் 'கெத்தா' என்னும் தம் சொல்லையே இதற்கும் விரித்து வழங்கினர். பிற்காலக் கலைச்சொல்லாக்கியோர் இழுத்தால் மீளும் தன்மையைக் கொண்டு 'மீள்மம்' என்றனர். பொருள் ஒன்று, ஆங்கிலேயர் அதன் பயனைக் கண்டனர், தமிழரும் மலாய்க்காரரும் அதன் பிறப்பைக் கண்டனர், அறிவியலார் அதன் பண்பைக் கண்டனர். ஒவ்வொரு பெயரும் பொருளின் ஒரு பக்கத்தையே பற்றுகிறது.

ரப்பர் என்னும் சொல் தமிழ் எழுத்திலும் ஒரு சிக்கலை எழுப்பியது. ரகரம் சொல்லுக்கு முதலாகாது என்பது தமிழ் மரபு. இலங்கைத் தமிழர் இகரம் சேர்த்து 'இறப்பர்' என எழுதுகின்றனர். இவ்வடிவம் தமிழில் 'சாவர்' என்னும் வினைமுற்றாகவும் நிற்கும்; இடையின ரகரமிட்டு 'இரப்பர்' என்றால் 'பிச்சை கேட்பர்' எனப் பொருள்படும். தோட்டங்கள் புதிதாகத் திருத்தப்பட்ட காலத்தில் மலேரியாவால் மாண்ட தொழிலாளரை எண்ணுவோர்க்கு இவ்வொற்றுமை வெறும் ஒலி விளையாட்டாகத் தோன்றாது.

சொற்பிறப்பை அறிந்த அளவில் சொல் வசப்படுவதில்லை. வழக்கையும் அறிதல் வேண்டும். பிரிட்டனில் அழிப்பானைக் குறிக்கும் இச்சொல்லை அமெரிக்கர் அப்பொருளில் பெரும்பாலும் ஆள்வதில்லை. மழைக்காலத்தில் காலணிமேல் அணியும் உறையை அவர்கள் இப்பெயரின் பன்மையால் குறித்தனர். சீட்டாட்டத்தில் ஆட்டத் தொகுதி ஒன்றைச் சுட்டும் 'ரப்பர்' உருவால் ஒத்த வேறொரு சொல். 'ரப்பர் முத்திரை' என்பதோ, ஆராயாது ஒப்புதல் அளிப்போரைப் பழிக்கும் தொடராகவும் வழங்குகிறது. இவற்றைத் தேய்த்தல் என்னும் வேர்ப்பொருளைக் கொண்டு மட்டும் ஊகிக்க இயலாது.

தமிழ்ச் சொற்களுக்கும் இதுவே நெறி. தோட்டத் தமிழர் 'மரம் வெட்டப் போகிறேன்' என்றால், மரத்தைச் சாய்க்கப் போவதாகப் பொருளன்று. விடியுமுன் குளிர்ந்த வேளையில், உட்பகுதி காயமுறாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கப் போவதாகப் பொருள். பால் வடியும் கிண்ணம் 'மங்கு'. வெட்டிய தடத்தில் உறைந்து ஒட்டியிருப்பது 'ஒட்டுப்பால்'. கிண்ணத்திலேயே உறைந்தது 'கட்டிப்பால்'. கைத்தொழிலின் நுட்பம் அறிந்தோர் ஆக்கிய சொற்கள் இவை.

இன்று பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. தொழிலாளர் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ரப்பர் என்னும் சொல் மாணவரின் எழுதுகோற் பெட்டியில் நிலைத்திருக்கும். ஒட்டுப்பாலும் மங்கும் தாத்தா பாட்டியரின் நினைவோடு மறையும் நிலையில் உள்ளன.

ஆதலின், ஆசிரியர்கள் ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: இச்சொல் எவ்வினையிலிருந்து பிறந்தது? இன்று யார், எங்கே, எப்பொருளில் வழங்குகின்றனர்? இதே பொருளை நம் முன்னோர் எப்பெயரால் அழைத்தனர்? முதலிரண்டிற்கும் அகராதி விடை தரும். மூன்றாவதற்கு விடை தருவோர் இன்னும் நம் இல்லங்களில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பணியை மாணவர் இப்பொழுதே தொடங்குதல் வேண்டும்.