புயலுக்குப் பின் ஒரு கிணறு

1964 டிசெம்பர் 22இல் ஈழத்தின் வடபுலத்தை ஊடறுத்த சூறாவளி, அன்றிரவே அக்கரையில் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகையிரதமும் அலையில் மூழ்கியது. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர் 46 நாட்களில் சீர்செய்தார். தனுஷ்கோடி நகரமோ மீளவில்லை.

இறுப்பிட்டியை உள்ளடக்கிய புங்குடுதீவு மக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எமது தீவுகளில் மழைநீரே சுண்ணக்கல்லினுள் தேங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் உட்புகுந்தால் கிணறு உவராகும். உப்பை அகற்றவென அவசரப்பட்டு ஆழ இறைத்தால், அடியிலுள்ள உவர்நீரும் மேலெழும். அடுத்தடுத்த மாரிமழைகளே அதனை மெல்லக் கழுவ வல்லவை. அம்மழையைத் தேக்கக் குளங்கள் வேண்டும். ஆகவே, வெள்ளம் வருமுன்னரே தூர்ந்த குளங்களை அகழ்வோம்; புனரமைப்பின் முதல் வேலை அதுவே.