தொழிற்கல்விக்கு அரசு நிதி: ஊவா மாகாணமும் ஹாலிஎலத் தோட்டங்களும்

இலங்கையில் தொழிற்பயிற்சிக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் அரசு பணம் வழங்கும் முறை தனியொரு சட்டத்தில் வகுக்கப்பட்டதன்று. அரசியலமைப்பின் நிதி அத்தியாயம், ஆண்டுதோறும் பாராளுமன்றம் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டம், திறைசேரியின் நிதிப் பிரமாணங்கள், பயிற்சி நிறுவனங்களை ஸ்தாபித்த தனித்தனிச் சட்டங்கள், வெளிநாட்டுக் கடன் உடன்படிக்கைகள் ஆகியவை காலப்போக்கில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உண்டாக்கிய ஏற்பாடு அது. ஊவா மாகாணத்தில், அதிலும் பதுளைக்கு முந்திய புகையிரத நிலையமாகிய ஹாலிஎலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், இவ்வேற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிகின்றன. ஆதலால் பொது விதிகளை விவரிக்குமிடத்தும் அப்பிரதேசத்தைக் கண்முன் வைத்தே இக்கட்டுரை செல்லும்.

பூர்வ வரலாறு

அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்வி 1893இல் கொழும்பு மருதானையில் நிறுவப்பட்ட தொழில்நுட்பப் பாடசாலையிலிருந்து தொடங்குகிறது. புகையிரதப் பகுதிக்கும் பொதுவேலைப் பகுதிக்கும் வேண்டிய ஆட்களைப் பழக்குவதே அக்காலத்து அரசின் முதன்மையான நோக்கமாயிருந்தமையால், அதற்கான செலவும் அரசின் சொந்தத் தேவையை ஒட்டியே மதிப்பிடப்பட்டது. மலையகத்தில் நிலை வேறு. தோட்டத்தில் பிறந்த குழந்தையின் கல்வி அரசின் கடமையா, தோட்டச் சொந்தக்காரரின் கடமையா என்ற கேள்விக்கு 1905இல் வேஸ் ஆணைக்குழு விடை தேட முற்பட்டது. 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் தலைமேல் வைத்தது. அரசு உதவி நன்கொடை மட்டும் வழங்கியது. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றியதன்பின் தீவெங்கும் வேரூன்றிய இந்த உதவி நன்கொடை முறையில் பணம் பெறுபவர் பாடசாலையை நடத்துபவரேயன்றி மாணவன் அல்லன். அந்த வழக்கம் இன்றைய தொழிற்கல்வி நிதி வரையில் நீண்டு வந்திருக்கிறதென்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதிலும், தோட்டப் பாடசாலைகள் அதன் பூரணப் பயனை உடனே எய்தவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தொழிற்கல்வியின் உயர்ந்த பயன் அரசாங்க உத்தியோகமென்று எண்ணப்பட்ட அக்காலத்தில், பிரசாவுரிமையற்ற குடும்பத்துப் பையனுக்குத் தச்சையோ மின்சாரத் தொழிலையோ முறையாகக் கற்பதற்கு வேண்டிய தூண்டுதலே குன்றிப்போயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான். எஞ்சியிருந்த நாடற்றவர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது.

பணம் புறப்படும் இடம்

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கு உரித்தாக்குகிறது. வரியும் பிற வருமானங்களும் திரட்டு நிதியத்தைச் சேர்கின்றன. அதிலிருந்து நிதியமைச்சரின் ஆணைப்பத்திரமின்றி ஒரு ரூபாயும் வெளியேற முடியாது. தொழிற்கல்விக்கு வரும் பணமும், துறைக்குப் பொறுப்பான அமைச்சின் தலைப்பின்கீழ், மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு என்ற இரு பெரும் பிரிவுகளாக ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எழுதப்படுகிறது. நிதியாண்டு நாட்காட்டி ஆண்டேயாகையால், செலவழியாத ஒதுக்கீடு டிசம்பர் 31ஆந் திகதியோடு காலாவதியாகிறது. பயிற்சி நிலையங்களில் இயந்திரக் கொள்வனவுகள் ஆண்டின் கடைசி மாதங்களில் அவசர அவசரமாக நடைபெறுவதற்கு இந்த விதியே பெரும்பாலும் காரணமாகும். கணக்காய்வாளர் தலைமை அதிபதி 154ஆம் உறுப்புரையின்படி கணக்குகளைப் பரிசோதிக்கிறார். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் இவ்வொழுங்குகளை மேலும் இறுக்கியிருக்கிறது.

இப்பணத்தைப் பெறும் நிறுவனங்கள் பல. அவற்றுள் மூத்தது தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களம். பதுளையிலுள்ள தொழில்நுட்பவியல் கல்லூரி அதனுடையது. திணைக்களமாகையால் அதன் வரவுசெலவு நேரே ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இடம்பெறுகிறது. நியதிச் சபைகளின் வகை வேறு. 1971ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டத்தில் வேர்கொண்டு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய உருவம் பெற்ற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, சுருக்கமாக நைட்டா, இவ்வகையைச் சேர்ந்தது. கிராமத்து இளைஞருக்குப் பயிற்சியைக் கொண்டுசெல்லும் பொருட்டு 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபையும் அவ்வாறானதே. இவை திறைசேரி நன்கொடை பெற்றுத் தம் சபையின் தீர்மானப்படி செலவிடுவன. தேசிய இளைஞர் சேவைகள் மன்றம், 2002இல் சட்டம்பெற்ற தேசிய இளைஞர் படையணி, 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் முதலியனவும் இந்த வரிசையில் வரும். ஒரே பிரதேசத்தில் ஒரே தொழிலுக்கு இரண்டு மூன்று நிறுவனங்கள் தனித்தனித் தலைப்புகளிலிருந்து பணம் பெறுவதும், வேறொரு தொழிலுக்கு ஒருவரும் இல்லாமற் போவதும் இதனால் நேரும் விபரீதம்.

இவற்றையெல்லாம் ஒருமுகப்படுத்த வேண்டிய மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவும் மேற்குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்தாபிக்கப்பட்டதே. அரசு நிறுவனமாயினும், தனியார் நிறுவனமாயினும், தொண்டர் ஸ்தாபனமாயினும், தொழிற்பயிற்சி அளிப்பவர் யாவரும் ஆணைக்குழுவிடம் பதிவு பெறல் வேண்டும். ஏழு படிகளைக் கொண்டதாய் 2004இல் தொடங்கப்பட்ட தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் முதல் நான்கு படிகள் சான்றிதழுக்கும், ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்கும், ஏழாவது பட்டத்துக்கும் உரியன. பணத்துக்கும் தகைமைக்கும் உள்ள சம்பந்தம் இவ்விடத்திலேதான் பிறக்கிறது: அங்கீகாரம் பெற்ற பாடநெறியே திட்டப் பணத்துக்கு எளிதில் உரிமை கோர வல்லது.

கட்டடமும் போதனாசிரியரும்

மேலே சொன்ன மூலதனம், மீண்டெழும் செலவு என்ற பிரிவினை கணக்கெழுதுவோரின் வசதிக்காக ஏற்பட்ட சாதாரண பாகுபாடாகத் தோன்றலாம். ஆனால் ஹாலிஎலத் தோட்டத்துப் பிள்ளை எதைப் பெறும், எதைப் பெறாது என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது அதுவேயாகும். கட்டடமும் இயந்திரமும் மூலதனம். அவற்றுக்கு வெளிநாட்டுக் கடனும் நன்கொடையும் கிடைக்கும். திறப்பு விழாவும் நடக்கும். போதனாசிரியரின் சம்பளமோ மீண்டெழும் செலவு. அதற்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி வேண்டும். ஆளணிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்தபின்னும் அரசின் ஆட்சேர்ப்புத் தடைகள் குறுக்கிடும். கட்டடத்துக்கென ஒதுக்கிய பணத்தில் மிச்சமிருப்பின், அதைக்கொண்டு தமிழில் கற்பிக்கவல்ல ஒரு போதனாசிரியரை நியமித்துக்கொள்ளலாமே என்று நிலையப் பொறுப்பாளர் ஒருவர் நினைத்தால், அந்நினைப்பு எவ்வளவு நியாயமானதாயினும், ஒரு செலவினத்திலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றுவதற்குத் திறைசேரியின் நிதிப் பிரமாணங்கள் விதித்துள்ள எல்லையைத் தாண்டி அவரால் அதைத் தம்மிஷ்டப்படி நிறைவேற்ற இயலாது.

தோட்டப் பகுதிகளில் தமிழ்மொழி மூலமான பாடநெறிகள் குறைவென்ற முறைப்பாடு பல்லாண்டாகக் கேட்கப்படுவது. அதற்கு அதிகாரிகளின் பாராமுகத்தைக் காரணம் கூறுவோர் உண்டு. அதிலும் உண்மையில்லாமலில்லை, எனினும் பாராமுகம் நீங்கினும் மேற்படி விதி நீங்காதவரையில் பலன் சொற்பமே. மொழியுரிமை அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது; போதனாசிரியர் பதவி ஆளணிப் பட்டியலில் எழுதப்பட வேண்டியது. இரண்டும் வெவ்வேறு காகிதங்கள்.

அடுத்த தடை, செலவு என்று அரசு எதைக் கருதுகிறது என்பதைப் பற்றியது. அரசு நிறுவனங்களின் முழுநேரப் பாடநெறிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் அறவிடப்படுவதில்லை. வருகை நிபந்தனைக்குட்பட்டு மாதாந்தப் படியும் வழங்கப்படுகிறது. ஆயினும் தெமோதரைப் பக்கத்து மலைமேலுள்ள, லயமென்னும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை ஹாலிஎலச் சந்திக்கு இறங்கி, பஸ் ஏறிப் பதுளைக்குப் போய்த் திரும்புவதற்கு வேண்டிய பணமும், அவள் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து மலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய நாட்கூலியும் கற்கையின் உண்மையான விலையில் அடங்கும். வரவுசெலவுத் திட்டம் இவற்றை அறியாது. படி என்பது பிள்ளை சேர்ந்தபின், நாள்தோறும் வந்தபின், மாத முடிவில் வருவது. பஸ் கட்டணமோ முதல் நாட் காலையிலேயே கையிலிருக்க வேண்டியது. சேர்வதற்கு முன்னரே பல பாடநெறிகள் க.பொ.த. சாதாரண தரச் சித்தியை வேண்டி நிற்கின்றன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

செலவினத்தை மட்டும் பார்க்கும் இந்நிதி முறையை வெளிநாட்டுக் கடன் ஓரளவு நெகிழ்த்த முயன்றது. 2014இல் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் இலங்கையின் திறன் அபிவிருத்தித் துறைக்கு ஒப்புக்கொண்ட கடன்கள், செலவுச்சீட்டைக் காட்டியதும் பணம் கொடுக்கும் பழைய வழக்கத்தைவிட்டு, ஒப்பந்தத்தில் குறித்த பெறுபேறுகள் எய்தப்பட்டமை நிரூபிக்கப்பட்ட பின்னரே தவணைகளை விடுவிக்கும் முறையைக் கைக்கொண்டன. சிறந்த முறையே. ஆயினும் பெறுபேற்றை நாடளாவிய தொகையாக எண்ணும்போது, எண்ணிக்கையை எளிதில் நிரப்பக்கூடிய நகரத்து நிலையங்களே முதலில் நிரம்பும் என்பதும், நமுனுகுலைச் சரிவில் ஒரு வகுப்பை நிரப்புவதற்குக் கூடுதல் பணமும் காலமும் பிடிக்கும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

மாகாணமும் பிரதேச சபையும்

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தபோது பாடசாலைக் கல்வியின் பெரும்பகுதியை அவற்றிடம் ஒப்படைத்தது. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகளே. பாடசாலைக்குப் பிந்திய தொழில்நுட்ப நிறுவனங்களை நிறுவும் விஷயத்தை அது ஒருங்கியல் நிரலில் வைத்தமையால், மத்தியும் மாகாணமும் அதிலே பங்கு கொள்ளலாம். நடைமுறையில் நிறுவனங்களும் பணமும் மத்தியிடமே தங்கின. மாகாணத்துக்குரிய நிதியை 154ர உறுப்புரையின்கீழ் அமைந்த நிதி ஆணைக்குழு விதந்துரைக்கிறது. ஜனத்தொகை, தலைக்குரிய வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வுகளைப் படிப்படியாகக் குறைக்கும் அவசியம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு சமநிலையான பிரதேச அபிவிருத்தியை நாட வேண்டுமென்பது அவ்வுறுப்புரை ஆணைக்குழுவுக்கு இட்ட கட்டளை. வாசகம் மேன்மையானது. ஆனால் ஊவாவுக்கு வரும் தொகுதி நன்கொடை பெரும்பாலும் ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர் முதலியோரின் சம்பளத்திலேயே கரைந்துவிடுகிறது. அளவுகோல் சார் நன்கொடையும் மாகாண விசேட அபிவிருத்தி நன்கொடையும் மூலதன வேலைகளுக்குரியன. ஆகவே மாகாணத்துக்குள்ளும் மேலே கண்ட பிரிவினையே மறுபடியும் தலைதூக்குகிறது.

பிரதேச சபையின் கதை இன்னும் விசித்திரமானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையென்றே நெடுங்காலம் பொருள்கொள்ளப்பட்டு வந்தது. தோட்டத்து மக்கள் சபைத் தேர்தலில் வாக்களிப்பர். அவர்கள் வாழும் லயத்துக்கு இட்டுச்செல்லும் பாதை கம்பனியின் நிலத்திலிருப்பதால் சபைப் பணம் அதைத் தொடாதிருந்தது. பயிற்சி நிலையத்துக்குப் போகும் வழி செப்பனிடப்படாதிருப்பதும் தொழிற்கல்வி நிதி பற்றிய செய்தியே என்பதை உணர்ந்தால், இது இக்கட்டுரைக்குப் புறம்பானதாகத் தோன்றாது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இத்தடையை அகற்றியது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் உண்டாயிற்று.

பிற தேசங்களின் வழி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1917இன் ஸ்மித்–ஹியூஸ் சட்டம், மத்திய அரசு கொடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஈடாக மாநிலத்தார் தாமும் ஒரு டொலர் இட வேண்டுமென்றது. அதன் வழிவந்த பெர்கின்ஸ் சட்டம், பள்ளி வட்டாரங்களுக்குப் பகிரும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கை வறுமையிலுள்ள சிறார் தொகையைக் கொண்டும், 30 பங்கை மொத்தச் சிறார் தொகையைக் கொண்டும் கணக்கிடுகிறது. தவிர, வட்டாரம் முன்னர் செலவிட்டு வந்த பணத்தை நிறுத்திவிட்டு மத்தியப் பணத்தால் அவ்விடத்தை நிரப்புவதையும் தடைசெய்கிறது. இந்தியாவில் தொழிற்பயிற்சி நிலையங்களின் நிர்வாகம் 1956இல் மாநிலங்களுக்குச் சென்றது. நிதிப் பொறுப்பும் 1969இல் அவற்றையே சேர்ந்தது. சிங்கப்பூர் 1979இல் குறைந்த சம்பளம் கொடுக்கும் முதலாளிமார் மீது வரி விதித்துத் திறன் அபிவிருத்தி நிதியத்தை உருவாக்கிற்று. இலங்கை அத்தகைய வரியை மேற்கொள்ளவில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமையை ஏற்ற பிராந்தியக் கம்பனிகள் தம் தொழிலாளரின் பிள்ளைகளுடைய பயிற்சிக்குச் சட்டப்படி இவ்வளவு செலுத்த வேண்டுமென்ற அளவும் வகுக்கப்படவில்லை. மேற்கண்டவற்றுள் ஊவாவுக்கு மிகப் பொருந்துவது வறுமையை எடைபோட்டுப் பங்கிடும் அமெரிக்க விதியே எனத் தோன்றுகிறது; நிதி ஆணைக்குழுவின் அளவுகோல்கள் ஏற்கனவே அத்திசையை நோக்குவன.

அண்மைக்கால மாற்றங்கள்

தேயிலைத் தொழிற்சாலையில் இருபதாண்டு இயந்திரம் பழுதுபார்த்துத் தேர்ந்தவரும், கொழும்பில் கொத்தனாராக உழைத்துத் தோட்டத்துக்குத் திரும்பியவரும் வகுப்புக்குப் போகாமலே தம் திறமையைப் பரீட்சித்துக் காட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறுவதற்கு முன்கற்றல் அங்கீகார முறை வழி செய்கிறது. கட்டடம் வேண்டாத ஏற்பாடாகையால் அரசுக்கு இதில் செலவு சிறிது.

பாடசாலைப் பக்கத்தில், 2013இல் உயர்தரத்திற் சேர்க்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவைக் காட்டிலும், 2017இல் 42 பாடசாலைகளிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய பதின்மூன்றாண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவே தோட்டப் பிள்ளைக்கு நெருங்கியது. சாதாரண தரத்திற் சித்தியடையாதவரையும் அது ஏற்கிறது. இதிலும் பணம் பிரிந்தே வருகிறது. திட்டத்தை வகுப்பது கல்வியமைச்சு. மாகாணப் பாடசாலையாயின் ஆசிரியர் சம்பளம் மாகாணத்தின் தொகுதி நன்கொடையிலிருந்து வரும். இரண்டாம் ஆண்டின் தொழிற்பயிற்சிக்கு மாணவர் செல்லும் நிலையமோ மத்தியின் நியதிச் சபையொன்றைச் சேர்ந்தது. பாடசாலையிலிருந்து அந்நிலையத்துக்கு மாணவனைக் கொண்டுசெல்லும் போக்குவரத்துச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட வேண்டுமென்பதை அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் நிலையப் பொறுப்பாளரும் கூடிப் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.