கன்னியா வெந்நீரும் லயத்துச் சொறியும்

மஸ்கெலியாவிலிருந்து திருகோணமலைக்கு டிரிப் போனால், கோணேசரைக் கும்பிட்ட கையோடு கன்னியாவுக்கும் போவோம். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. "சொறி சிரங்கு இருந்தா நாலு வாளி ஊத்திக்க, போயிரும்" என்று பெரியவங்க பஸ்ஸிலேயே சொல்லிவிடுவாங்க. நிஜமாவே போயிருமா?

தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடங்களே இந்தக் கிணறுகள் என்பது கதை. தமிழர்கள் நெடுங்காலமாக அந்தியேட்டிக் கிரியை செய்துவந்த இடமும் இதுதான். மண்ணியல் வேறு கதை சொல்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை.

வெந்நீர், சேற்றுக் குளியலால் பலனே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சாக்கடலில் உப்புநீரும் வெயிலும் சேர்ந்து சோரியாசிஸ் நோயாளிகள் பலருக்குச் சுகம் தருகின்றன. ஆனால் சொறி அப்படியில்லை. தோலுக்குள் வளை தோண்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிதான் அதற்குக் காரணம். நாம் தாங்கும் சூட்டில் அது சாகாது. துணியையும் போர்வையையும் 50 பாகைக்கு மேல் சூடான நீரில் பத்து நிமிடம் போட்டால், அவற்றில் இருக்கும் உண்ணி சாகும்.

அப்போ லயத்தில் சொறி ஏன் ஓயவில்லை? ஒரே காம்பராவில் ஒரு குடும்பமே படுக்கும், ஒரே போர்வையைப் போர்த்தும். ஒருத்தர் குணமானாலும் இன்னொருத்தரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.

சாக்கடலில் சேறு மருந்து. நம்ம மலையில் அதுவே நோய். கக்கூஸ் இல்லாத லயங்களைச் சுற்றியிருந்த ஈர மண்ணில் கொக்கிப்புழு வளர்ந்தது. வெறுங்காலோடு கொழுந்தெடுக்கப் போனவர்களின் தோலைத் துளைத்து நுழைந்தது. முதலில் கால்விரல் இடுக்கில் அரிப்பு, பிறகு இரத்தசோகை. 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஒழிப்புத் திட்டம் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் தொடங்கியது. நோயாளி உழைப்பு குறையும் என்ற கணக்கும் தோட்ட முதலாளிகளுக்கு இருந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஆனால் கக்கூஸ் இல்லாத இடத்தில் புழு மறுபடி வந்தது.

கன்னியாவில் ஆசை தீரக் குளிப்போம். அலுப்பு தீரும். ஊர் திரும்பியதும், சொறி இருந்தால் டாக்டர் தரும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசுவோம். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்போம்: நம்ம பீலியில் தண்ணீர் ஒழுங்காக வருதா? எத்தனை குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்? ஒரு காம்பராவில் இன்னும் எத்தனை பேர்?