மலையேறிய மீன்

விழா மலருக்கு ஏதாவது எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டதும், "எதைப் பற்றி?" என்றேன். "ஊட்டிக்காரர் ஆயிற்றே, உங்க ஊரைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். ஊட்டி என்றால் எல்லாரும் பூங்காவையும் ரயிலையும்தான் எழுதுவார்கள். நான் ஒரு மீனைப் பற்றி எழுதுகிறேன். 1974-ல் வெளியேறிய எங்கள் விலங்கியல் வகுப்பு நண்பர்களுக்கு இது எந்த மீன் என்று இப்போதே புரிந்திருக்கும்.

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தது. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவுக்கு உரியது. ஓடுகிற, குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு மலை இருந்தது, குளிர் இருந்தது, ஓடையும் இருந்தது. தூண்டில் போட்டால் சிக்குவதற்குத் தங்கள் ஊர் மீன்தான் இல்லை.

1863-ல் பிரான்சிஸ் டே முதல் முயற்சி செய்தார். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலை எழுதியவர். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். மலை ரயிலும் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். வெப்பக் கடலைத் தாண்டி, சமவெளியைத் தாண்டி, மாட்டு வண்டியில் மலை ஏறி அந்த முட்டைகள் உயிரோடு வந்து சேருமா? சேரவில்லை. ஆனாலும் ஆசை போகவில்லை. 1879-லேயே நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்.

காரியத்தை முடித்தவர் எச்.சி. வில்சன். 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய இடங்களிலிருந்து வானவில் டிரவுட் முட்டைகள் வந்தன. இலங்கையில் நுவரெலியா பக்கம் அதற்கு முன்பே டிரவுட் வந்து சேர்ந்திருந்தது. இரகசியம் முட்டையின் வயதில் இருந்தது. சினையில் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகக் கண் தெரிகிற பருவம் வரும்வரை லேசாகக் குலுக்கினாலும் செத்துவிடும். கண் விழுந்த பிறகு ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டி வைத்துக் கப்பலேற்றலாம்.

எங்கள் வகுப்புச் சுற்றுலா அவலாஞ்சிக்குப் போனது இரண்டாம் ஆண்டு டிசம்பரில். பேராசிரியர் முன்னே, குளிரில் நடுங்கிக்கொண்டு நாங்கள் பின்னே. காக்கி ஸ்வெட்டர் போட்ட ஒருவர் தொட்டியிலிருந்து பெண் மீனை எடுத்து வயிற்றை மெல்ல நீவினார். ஆரஞ்சு நிற முட்டைகள் உலர்ந்த பேசினில் முத்து முத்தாக விழுந்தன. அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சி ஓர் இறகால் கலந்தார். "தண்ணி முதல்ல ஊத்தக் கூடாதுங்க, ஊத்தினா கரு கூடாது" என்றார். பிறகு முட்டைத் தட்டைக் காட்டினார். பத்து டிகிரிக் குளிரில் ஒரு மாதம் ஆகும் பொரிய. அதுவரை செத்து வெளுத்த முட்டைகளைத் தினமும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்தில் இருப்பதும் போய்விடும். குஞ்சுக்கு ஆட்டு ஈரலை அரைத்துப் போடுவார்கள்.

ஒருவன் கேட்டான், "ஆத்துல எப்படிண்ணே விடுவீங்க?"

"தகர டின்னுல ஊத்தி, காவடி கட்டித் தோள்ல தூக்கிட்டுப் போவோம். வழியில நிக்க மாட்டோம். தண்ணி குலுங்கினாத்தான் மீனுக்கு மூச்சு. நாம நின்னா அது செத்துரும்."

எல்லாரும் சிரித்தோம். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். அவர் திரும்பி என்னிடம், "தள்ளி நில்லுங்க தம்பி, தரை வழுக்கும்" என்றார்.

அவர் என் அப்பா. என்னை "டேய்" என்று தவிர வேறு விதமாக அழைத்து அறியாதவர். விடுதியில் நான் அப்பா அரசாங்க உத்தியோகம் என்று சொல்லியிருந்தேன். அவர் தினக்கூலி. நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கிறது. அன்று சொல்லாததை ஐம்பது ஆண்டு கழித்து இந்த மலரில் சொல்கிறேன்.

மீனின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குந்தா மின் திட்டத்துக்காகக் கனடா உதவியோடு கட்டிய அணைகள் பள்ளத்தாக்கின் ஓடைகளையே மாற்றிவிட்டன. இயற்கைப் பாதுகாப்பு உலக ஒன்றியம் 2000-ல் வெளியிட்ட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் வானவில் டிரவுட்டும் இருக்கிறது. போன இடத்துச் சிறு மீனையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். நம் காட்டுச்சேவலின் கழுத்து இறகுக்கு வெளிநாட்டுத் தூண்டில்காரர்களிடம் இருந்த கிராக்கி தனிக்கதை. அந்த இறகில் கட்டிய போலிப் பூச்சியைத்தான் டிரவுட் கவ்வும். பிறகு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். இன்று கேட்டால், அந்நிய மீனை ஓடையில் விட்டது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சுமந்த தோளில் இருந்த தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று புறப்படும்போது அப்பா பேராசிரியரிடம் கண் விழுந்த முட்டைகளை ஒரு குப்பியில் கொடுத்தார். விலங்கியல் துறையில், வாசலுக்கு இடப்பக்க அலமாரியில் ஃபார்மலினில் அது இன்னும் இருக்கிறது. இன்றைய மாணவர்கள் போய்ப் பாருங்கள். லேபிளில் சால்மோ கெய்ர்ட்னெரி என்று பழைய பெயர் இருக்கும். 1989 முதல் அது ஆங்கோரிங்கஸ் மைக்கிஸ். 'கொடுத்தவர்' என்ற இடம் காலியாக இருக்கிறது. பெயரையும் ஊரையும் எழுதித் துறைத் தலைவருக்குப் போன வாரம் அனுப்பியிருக்கிறேன்.