எளிய உயிரி உலகங்கள்: வகைப்பாட்டு வரலாறு

மொனிரா, புரோட்டிஸ்டா என்பன ஐந்துலக வகைப்பாட்டில் எளிய உடலமைப்புக் கொண்ட உயிரிகளின் உலகங்கள் ஆகும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கண்மாய், ஊருணி, நெல்வயல் ஆகியவற்றில் தேங்கும் பச்சை நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் இவ்விரு உலகத்து உயிரிகளையும் காணலாம்.

வரலாறு

1735-இல் லின்னேயஸ் உயிரிகளைத் தாவரம், விலங்கு என இரண்டாகப் பிரித்தார். யூக்ளினா போன்ற உயிரிகள் இப்பிரிவில் அடங்கவில்லை. அது பசுங்கணிகத்தால் உணவு தயாரிக்கிறது. ஆனால் செல்சுவர் இன்றிக் கசையிழையால் நீந்துகிறது. இத்தகையவற்றுக்காக 1866-இல் எர்ணஸ்ட் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்னும் மூன்றாம் உலகத்தை முன்மொழிந்தார். உட்கரு இல்லாதவற்றை 1938-இல் கோப்லேண்ட் மொனிரா எனத் தனி உலகமாக்கினார். 1969-இல் விட்டேக்கர் ஐந்துலக வகைப்பாட்டை வெளியிட்டார்.

பண்புகள்

மொனிரா: உட்கரு உறை, மைட்டோகாண்டிரியா, பசுங்கணிகம் ஆகியவை இல்லை. பாக்டீரியாவும் நீலப்பசும்பாசியும் இதில் அடங்கும்.

புரோட்டிஸ்டா: தெளிவான உட்கரு உண்டு, பெரும்பாலானவை ஒருசெல் உயிரிகள். அமீபா, பாரமீசியம், யூக்ளினா, டயாட்டம் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

தமிழகத்தில் நீலப்பசும்பாசி ஆய்வு

இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் (1886–1963) சென்னையில் பணியாற்றியவர். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி எழுதிய 'சயனோஃபைட்டா' என்னும் பெருநூலை 1959-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. தலைப்பிலுள்ள 'ஃபைட்டா' என்பது தாவரங்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அக்காலத்தில் நீலப்பசும்பாசிகள் பாசிகளாகவே, அதாவது தாவரவியலார் ஆராயும் உயிரிகளாகவே கருதப்பட்டன. பத்தே ஆண்டுகளில் விட்டேக்கர் அவற்றை மொனிராவில் சேர்த்தார். இன்று அவை சயனோபாக்டீரியா எனப்படுகின்றன.

உலகம் மாறினாலும் நூல் பயனற்றுப் போகவில்லை. இழையின் வடிவம், செல்லின் அளவு, உறை, ஹெட்டிரோசிஸ்ட் அமைந்துள்ள இடம் முதலிய விவரங்களைக் கொண்டு இனங்களை அடையாளம் காண இன்றும் அது துணைபுரிகிறது. பெயர் மாறலாம், சரியாகப் பார்த்து எழுதியது நிற்கும். நெல்வயலில் நைட்ரஜனை நிலைநிறுத்தும் அனபீனா, நாஸ்டாக் போன்றவற்றை இனம்பிரித்தறிவது வேளாண்மைக்கும் தேவையாகும்.

இன்றைய நிலை

1977-இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகியோர் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஒப்பீட்டின் மூலம் மொனிராவுக்குள் வேறுபட்ட இரு பெருங்குழுக்கள் இருப்பதைக் காட்டினர். அவையே இன்று பாக்டீரியா, ஆர்க்கியா எனப்படுகின்றன. புரோட்டிஸ்டாவும் ஒரே மூதாதையரின் வழிவந்த முழுமையான குழு அன்று. எனவே ஐந்துலக வகைப்பாட்டைப் படிக்கும் மாணவர்கள் அதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், சான்றுகளுக்கேற்பத் திருத்தப்பட்டுவரும் வரலாற்றின் ஒரு கட்டமாகக் கொள்வது பொருத்தமாகும்.