பெயரடைக்குப் பின் வரும் ‘ஃபிரேசல் வெர்ப்’: வாக்கியக் கடைசியில் தொலைந்துபோகும் சிறு சொல்

‘அவரோடு பழகுவது எளிது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்கு வந்த மாணவர்கள் பலர் ‘ஹி இஸ் ஈஸி டு கெட் அலாங்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அடுத்து வரவேண்டிய ‘வித்’ விடுபட்டுப்போகிறது. ‘ஹி இஸ் ஈஸி டு கெட் அலாங் வித்’ என்பதே முழு வாக்கியம்.

இந்தத் தவறுக்குக் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல. தமிழில் ‘ஓடு’ என்ற வேற்றுமை உருபு ‘அவர்’ என்ற பெயரைவிட்டுப் பிரியாது. பெயர் வாக்கியத்தில் எங்கே போனாலும் உருபும் கூடவே போகும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. பெயர் வாக்கியத்தின் முன்னால் போய் எழுவாயாக உட்கார்ந்துகொள்கிறது. அதோடு சேர்ந்திருக்க வேண்டிய ‘வித்’ மட்டும் கடைசியில் தனியே நிற்கிறது. தமிழ் பேசிப் பழகிய காதுக்கு, பின்னால் பெயரே இல்லாத ‘வித்’ தேவையற்ற ஒட்டாகவே படும். அதனால் கை தானாக வெட்டிவிடுகிறது.

வெட்டினால் அழகு மட்டும் கெடுவதில்லை, பொருளே மாறிவிடும். ‘புட் அப்’ என்றால் கூடாரம் அடிப்பது, பதாகை கட்டுவது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ‘தி டென்ட் இஸ் ஈஸி டு புட் அப்’ என்பது குறையில்லாத வாக்கியம். ஆனால், பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை என்று அடுக்குமாடி நிர்வாகத்துக்குப் புகார் எழுதுபவர் ‘தி நாய்ஸ் இஸ் ஹார்ட் டு புட் அப்’ என்று முடித்தால், சத்தத்தைக் கட்டித் தொங்கவிடுவது கடினம் என்று சொன்னதாகிவிடும். ‘லுக் அப்’ அகராதியில் தேடுவது. ‘லுக் அப் டு’ ஒருவரை மதித்து முன்மாதிரியாகக் கொள்வது. வினையோடு சேரும் சிறு சொற்கள் ஒன்றா இரண்டா என்பதை அந்த வினையைப் படிக்கும்போதே மனத்தில் பதித்துக்கொள்வதுதான் வழி. ‘புட் அப் வித்’ என்பதை மூன்று சொல்லாகப் பார்க்காமல் ஒரே சொல்லாகப் பார்க்க வேண்டும்.

ஆங்கில வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக்கூடாது என்று பழைய தலைமுறை ஆசிரியர்கள் சிலர் சொல்லிக்கொடுத்ததும் குழப்பத்தைக் கூட்டியது. ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1672-இல் இதைக் குறையாகச் சுட்டினார். பிறகு இலக்கண நூல்கள் அதை விதியாகவே ஆக்கிவிட்டன. இன்றைய ஆங்கிலம் அந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை. ‘ஈஸி டு கெட் அலாங் வித்’ போன்ற அமைப்பில் ‘வித்’ போய் நிற்க வேறு இடமும் கிடையாது.

இன்னொரு தவறு இதற்கு நேர்மாறானது. இங்கே சொல் குறையாது, கூடும். ‘திஸ் ஃபார்ம் இஸ் ஈஸி டு ஃபில் இட் இன்’ என்று எழுதுவார்கள். பிரதிப்பெயர் வந்தால் அதை வினைக்கும் சிறு சொல்லுக்கும் நடுவில் வைக்க வேண்டும், ‘ஃபில் இன் இட்’ என்பது தவறு, ‘ஃபில் இட் இன்’ என்பதே சரி என்று வகுப்பில் படித்திருப்பார்கள். அந்த விதி சரிதான். ஆனால் மேற்கண்ட வாக்கியத்தில் ‘திஸ் ஃபார்ம்’ முன்னாலேயே வந்துவிட்டது. அதையே ‘இட்’ என்று மறுபடியும் சொல்ல இடமில்லை. ‘திஸ் ஃபார்ம் இஸ் ஈஸி டு ஃபில் இன்’ என்பதோடு நிறுத்த வேண்டும். ‘இட் இஸ் ஈஸி டு ஃபில் இன் திஸ் ஃபார்ம்’ என்று தொடங்கினால் ஃபார்ம் கடைசியில் வரும். (நம் ஊரில் ‘ஃபில் அப் தி ஃபார்ம்’ என்பார்கள், தேர்வில் ‘ஃபில் இன்’ அல்லது ‘ஃபில் அவுட்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.)

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளில், ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பொருள் மாறாமல் வேறு விதமாக எழுதச் சொல்லும் பகுதி உண்டு. ‘இட் இஸ் ஹார்ட் டு புட் அப் வித் தி நாய்ஸ்’ என்பதை ‘தி நாய்ஸ்’ என்று தொடங்கி எழுதிப் பார்ப்பது அதற்கு நல்ல பயிற்சி. மலேசியாவில் எஸ்.பி.எம். 1119 எழுதும் மாணவர்களுக்கும் கட்டுரைத் தாளில் இது உதவும்.

ஆனால் எல்லாப் பெயரடையும் ‘ஈஸி’, ‘ஹார்ட்’, ‘டிஃபிகல்ட்’ போல நடந்துகொள்ளாது. ‘ஈகர்’, ‘வில்லிங்’, ‘கீன்’ ஆகியவை வேறு வகை. மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கி 1960-களில் எடுத்துக்காட்டிய இரண்டு வாக்கியங்கள் இன்றும் வகுப்பறைகளில் உலவுகின்றன: ‘ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்’, ‘ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்’. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் ஜானைப் பிறர் மகிழ்விக்கிறார்கள். இரண்டாவதில் ஜான் பிறரை மகிழ்விக்கத் துடிக்கிறார். ஃபிரேசல் வெர்ப்புக்கும் இதே கணக்குத்தான். ‘ஷி இஸ் வில்லிங் டு டேக் ஆன்’ என்று நிறுத்தினால் எதை ஏற்கத் தயார் என்ற கேள்வி எழும். இங்கே செயலைச் செய்பவர் ‘ஷி’. ஆகவே ‘டேக் ஆன் தி ஜாப்’ என்று செயப்படுபொருளைப் பின்னால் சொல்லியாக வேண்டும். ஐயம் வந்தால் வாக்கியத்தை ‘இட் இஸ்’ என்று தொடங்கிப் பார்க்கலாம். ‘இட் இஸ் ஈஸி டு’ ஒத்துவரும். ‘இட் இஸ் ஈகர் டு’ ஒத்துவராது.

‘ரெடி’ இரண்டு பக்கமும் சாயும். ‘தி சிக்கன் இஸ் ரெடி டு ஈட்’ என்றால் கோழிக்கறி பரிமாறத் தயாரா, கோழி தீவனத்துக்குத் தயாரா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும்.

பெயரடைக்குப் பின் எப்போதும் ‘டு’வும் மூல வினையும் வரும் என்றும் எண்ணிவிடக்கூடாது. ‘டயர்ட் ஆஃப் புட்டிங் அப் வித்’, ‘குட் அட் சார்ட்டிங் அவுட்’, ‘பிஸி கிளியரிங் அப்’, ‘வொர்த் லுக்கிங் இன்டு’ ஆகியவற்றில் வினை ‘இங்’ ஏற்கிறது. ‘வொர்த்’துக்குப் பின்னும் ‘இட்’ வராது: ‘தி கம்ப்ளெயின்ட் இஸ் வொர்த் லுக்கிங் இன்டு’.

வேலைக்கான நேர்காணலில் அதிகம் இடறுவது ‘யூஸ்டு டு’. ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு எழுவது எனக்குப் பழகிப்போனது. இங்கே ‘யூஸ்டு’ பெயரடை, ‘டு’ முன்னிடைச்சொல், அதனால்தான் ‘கெட்டிங்’. ‘ஆம்’ என்பதை விழுங்கி ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்று சொன்னால், முன்பு ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை என்று பொருளாகும். அதிகாலை ஷிப்ட்டுக்கு ஆள் தேடும் முதலாளி பிறகு என்ன கேட்பார்?